வீட்டுக் கணினியில் எஸ்எஸ்டியும் கூடுதல் ராமும் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2011 முதல் 2015 வரை உள்ளூர்க் கடைகளில் அசெம்பிள் செய்து வாங்கப்பட்டு, இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் மேசைக் கணினிகளை மனத்தில் கொண்டு இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இன்டெல் எச்61 அல்லது எச்81 சிப்செட் கொண்ட மதர்போர்டு (எல்லா உறுப்புகளும் இணையும் தாய்ப்பலகை), 4 ஜிபி ராம் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்), 500 ஜிபி ஹார்டு டிஸ்க், ஒரு டிவிடி டிரைவ் ஆகியவையே அந்தக் காலத்து வழக்கமான சேர்மானம். அந்த ஹார்டு டிஸ்க்கின் வேலையைச் சில்லுகளைக் கொண்டு செய்வதே எஸ்எஸ்டி. உங்களிடம் இருப்பது அதைவிடப் புதியதாக இருந்தாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: கணினி மிகவும் மெதுவாக இருக்கிறது. ராம் போதவில்லையா, ஹார்டு டிஸ்க் காரணமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைக்காரரைக் கேட்பதற்கு முன்னால் கணினியையே கேளுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாக நீங்கள் செய்யும் வேலைகளைப் பத்து நிமிடம் செய்யுங்கள். டிஸ்க் என்ற இடத்தில் அளவு 100 சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நிற்க, மெமரி 60 சதவீதத்துக்குள் இருந்தால் தடை ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது. மெமரி 90 சதவீதத்துக்கு மேல் ஏறி, அதே வேளையில் டிஸ்க்கும் 100ஐத் தொட்டால், ராம் போதாமல் விண்டோஸ் தன் சுமையின் ஒரு பகுதியை ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் இரண்டும் குற்றவாளிகளே.

ஹார்டு டிஸ்க் ஏன் இவ்வளவு தடுமாறுகிறது என்பதற்கு அதன் உடலமைப்பே காரணம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிவினாடி ஆகிறது. வேண்டிய தரவு ஊசியின் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும், ஊசி இடம் நகரும் நேரம் தனி. எல்லாம் சேர்ந்து ஒரு தேடலுக்குப் பன்னிரண்டு மில்லிவினாடி அளவில் ஆகிவிடுவதால், வினாடிக்கு எண்பது அல்லது நூறு துண்டுகளுக்கு மேல் அதனால் எடுத்துக் கொடுக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது படிக்க வேண்டியவையோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே தேடலை 0.1 மில்லிவினாடி அளவில் முடித்துவிடுகிறது.

கேள்வி: இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே இப்போது பணம் இருக்கிறது. எதை முதலில் வாங்குவது?

4 ஜிபி ராம் ஏற்கெனவே இருந்தால் எஸ்எஸ்டியை வாங்குங்கள். 2 ஜிபிதான் இருக்கிறது என்றால் ராமை வாங்குங்கள்.

கேள்வி: என் மதர்போர்டு எந்த ராமை ஏற்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ராமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. மேசைக் கணினிக்கான டிடிஆர்3 ராமில் 240 தொடர்புமுனைகளும், டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றில் 288 முனைகளும் உள்ளன. பின்னிரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், கீழ் விளிம்பில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. எச்61, எச்81 பலகைகள் டிடிஆர்3 வகையைச் சேர்ந்தவை. மடிக்கணினிக்கான ராம் இதில் ஏறக்குறைய பாதி நீளமே இருக்கும், அதற்கான ஸ்லாட்டும் வேறு.

தலைமுறை தெரிந்தால் மட்டும் போதாது. மதர்போர்டின் மாதிரிப் பெயர் பலகையின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பெயரை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால், எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எத்தனை ஜிபி, எந்த வேகம் என்பதெல்லாம் கிடைத்துவிடும். எச்61, எச்81 இரண்டிலும் பொதுவாக இரண்டு ஸ்லாட்டுகளும், அதிகபட்சம் 16 ஜிபி என்ற வரம்பும் இருக்கும். பெட்டியைத் திறக்காமலே பார்க்க விரும்புவோருக்கு, விண்டோஸ் 10இன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்ற விவரம் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. இணையச் சந்தையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் 8 ஜிபி டிடிஆர்3 ராம்களில் சில, ஏஎம்டி பலகைகளில் மட்டுமே வேலை செய்யும் வகையைச் சேர்ந்தவை. விற்பனைக் குறிப்பில் அது சிறிய எழுத்தில் இருக்கும். இன்டெல் பலகை வைத்திருப்பவர் அதை வாங்கினால், திரும்பக் கொடுக்க அலைய வேண்டியதுதான்.

கேள்வி: எத்தனை ஜிபி போடுவது? ஒரே 8 ஜிபியா, இரண்டு 4 ஜிபியா?

பிரவுசர், எழுத்துப் பணி, கணக்கு வேலை, பிள்ளைகளின் இணைய வகுப்பு ஆகியவற்றுக்கு 8 ஜிபி போதும். முப்பது நாற்பது டேப்களை மூடாமல் வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்களும், புகைப்படத் திருத்தம் செய்பவர்களும் 16 ஜிபிக்குப் போகலாம். எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கு மேல் போடுவதற்கு இந்தப் பலகைகளில் இடமும் இல்லை, இருந்தாலும் அது வீண்.

ஒரே அளவுள்ள இரண்டு ராம்களை இரண்டு சேனல்களிலும் போட்டால், செயலி இரு வழியிலும் ஒரே நேரத்தில் தரவைப் பெறும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் திரைக்கான வேலையும் இதே ராமிலிருந்துதான் நடக்கிறது என்பதால், அங்கே இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். இருந்தாலும், ஏற்கெனவே ஒரு 4 ஜிபி இருக்கும்போது அதன் பக்கத்தில் ஓர் 8 ஜிபியைச் செருகுவதில் தவறில்லை. இன்டெல் பலகைகள் இரண்டிலும் உள்ள முதல் 4 ஜிபியை இணைவழியிலும், மீதியை ஒற்றை வழியிலும் ஓட்டிக்கொள்ளும். வேகம் வேறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். நான்கு ஸ்லாட் உள்ள புதிய பலகைகளில் இரண்டே ராம் போடுவதானால், பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடங்கள்.

கேள்வி: 4 ஜிபி போட்டும் 3.4 ஜிபி மட்டுமே பயன்படும் என்று விண்டோஸ் காட்டுகிறதே?

உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ். அது 4 ஜிபி வரையான முகவரிகளை மட்டுமே அறியும், அதிலும் ஒரு பகுதி மற்ற உறுப்புகளுக்குப் போய்விடுகிறது. இந்த நிலையில் 8 ஜிபி ராம் வாங்கிப் போட்டாலும் இதே எண்தான் வரும். ஆகவே ராம் வாங்குவதற்கு முன் 64 பிட் பதிப்புக்கு மாற வேண்டும். ஒன்றின் மேல் மற்றொன்றை நிறுவி மாற்ற வழி கிடையாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். எஸ்எஸ்டி போடும் நாளே இதைச் செய்துவிடுவது நல்லது.

கேள்வி: பயன்படுத்திய ராம், பயன்படுத்திய எஸ்எஸ்டி வாங்கலாமா?

ராமை வாங்கலாம். அதில் தேயும் பாகம் எதுவும் இல்லை. சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் சர்வீஸ் கடைகளிலும் கழற்றி எடுத்த டிடிஆர்3 ராம்கள் கிடைக்கும், சோதித்துப் பார்க்க ஒரு வாரம் அவகாசம் தருபவரிடம் வாங்குங்கள். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதால் புது ராமின் விலை கடுமையாக ஏறியது. அதன் பிறகு பழைய ராமுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரலை ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எஸ்எஸ்டியைப் பழையதாக வாங்காதீர்கள். அது எழுத எழுதத் தேய்வது. யார், எவ்வளவு எழுதினார் என்பது நமக்குத் தெரியாது.

கேள்வி: என் பலகைக்கு எந்த வகை எஸ்எஸ்டி பொருந்தும்?

ஹார்டு டிஸ்க் இணைக்கப்படும் அதே சாட்டா இணைப்புள்ள 2.5 அங்குல எஸ்எஸ்டிதான் இந்தக் காலத்துப் பலகைகளுக்கு ஏற்றது. பபிள் கம் பட்டை போல மெல்லியதாக வரும் எம்.2 வகைக்கு இவற்றில் பொதுவாக இடம் இருக்காது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் அடாப்டர் வாங்கி, சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகையைப் பொருத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். எச்61 காலத்துப் பயாஸுக்கு, அதாவது கணினியை எழுப்பும் பலகையின் அடிப்படை நிரலுக்கு, என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. விண்டோஸ் எழுந்த பிறகு அதைத் தரவு வைக்கும் டிரைவாகப் பயன்படுத்தலாமே தவிர, அதிலிருந்தே கணினியைத் தொடங்குவது எளிதன்று.

எச்61 சிப்செட்டின் சாட்டா இணைப்புகள் வினாடிக்கு 3 ஜிகாபிட் வேகம் கொண்டவை. அதாவது நடைமுறையில் வினாடிக்கு 300 எம்பிக்குள். எஸ்எஸ்டி பெட்டியில் 550 எம்பி என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, பாதி வேகம் வீணாகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அந்த எண் பெரிய கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் படிக்கும்போது மட்டுமே பொருட்படும். அன்றாட வேலையில் நாம் உணரும் வேகம் சிறு துண்டுகளைத் தேடி எடுப்பதிலிருந்து வருகிறது, அதற்கு 3 ஜிகாபிட் தாராளம். எச்81இல் இரண்டு வேகங்களும் கலந்து இருக்கும், 6 ஜிகாபிட் என்று குறிக்கப்பட்ட இணைப்பில் எஸ்எஸ்டியைச் செருகுங்கள்.

புதிய பலகை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயரன்று. ஒரே எம்.2 வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. உங்கள் பலகையின் ஸ்லாட் எதை ஏற்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்தே வாங்க வேண்டும். சில பலகைகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பியதும் சாட்டா இணைப்புகளில் ஒன்று செயலிழந்துவிடும். அதுவும் கையேட்டில்தான் இருக்கும்.

கேள்வி: இப்போதுள்ள எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கிப் பெட்டி) இந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா?

தாங்கும். ராமும் எஸ்எஸ்டியும் சேர்ந்து சில வாட்கள் மட்டுமே எடுக்கும். சாட்டா மின் இணைப்பு மிச்சம் இல்லையென்றால் பழைய நான்கு முனை மோலெக்ஸ் இணைப்பிலிருந்து மாற்றும் கேபிள் கிடைக்கிறது. முனைகள் பிளாஸ்டிக்கில் வார்த்து மூடப்பட்ட மலிவான கேபிள்கள் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு உருகிப் பற்றியதுண்டு என்பதால், கம்பிகள் தனித்தனியாகச் செருகப்பட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நானே பொருத்த முடியுமா? எப்படி?

ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவர் இருந்தால் முடியும். முக்கியமான கோப்புகளை முதலில் வேறோர் இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். கணினியை அணைத்து, சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்து, மின்கேபிளைப் பிடுங்கிய பிறகு, பவர் பொத்தானை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடியும். சிபியூ என்று நம் வீடுகளில் அழைக்கப்படும் கேபினட்டைப் படுக்கவைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதி ஒன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நிலைமின்சாரத்தைத் தவிர்க்கும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அந்த ஆபத்து குறைவுதான் என்றாலும், ஏசி ஓடும் அறைக்கு அந்தச் சலுகை இல்லை.

ராம் ஸ்லாட்டின் முனையிலுள்ள தாழ்களை வெளிப்பக்கம் தள்ளித் திறந்து, ராமின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேர்படும்படி வைத்து, இரு முனைகளிலும் கட்டைவிரல்களால் நேராக அழுத்துங்கள். தாழ்கள் தாமாகவே மூடி 'டக்' என்று ஒலிக்கும்வரை அழுத்த வேண்டும். முதல் முறை செய்பவர்கள் பலகை உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், அந்தப் பாதிதான் பிறகு திரை வராமல் படுத்துகிறது. வெட்டு நேர்படாவிட்டால் மட்டும் அழுத்தக் கூடாது, திருப்பிப் பாருங்கள்.

எஸ்எஸ்டிக்கு இரண்டு கேபிள்கள் வேண்டும். ஏழு முனை உள்ளது தரவுக்கு, பதினைந்து முனை உள்ள அகலமானது மின்சாரத்துக்கு. இரண்டின் வாயும் ஒரு முனையில் மடங்கியிருப்பதால் தலைகீழாகச் செருக வராது. தரவுக் கேபிள் எஸ்எஸ்டி பெட்டியில் பெரும்பாலும் இருக்காது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 2.5 அங்குல டிரைவை 3.5 அங்குல இடத்தில் பொருத்த ஒரு பிராக்கெட் நல்லது. ஆனால் எஸ்எஸ்டியில் அசையும் பாகம் இல்லாததால், பிராக்கெட் கிடைக்காத ஊர்களில் இரண்டு திருகு போட்டு ஒரு பக்கம் மட்டும் முடுக்கிவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. ஹார்டு டிஸ்க்கை அப்படித் தொங்கவிடக் கூடாது.

கேள்வி: பொருத்திய பிறகு திரையே வரவில்லை. பீப் ஒலி மட்டும் தொடர்ந்து வருகிறது.

பத்தில் ஒன்பது முறை ராம் சரியாக உட்காரவில்லை என்பதே காரணம். மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, புது ராமைக் கழற்றி, பழையதை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு புதியதை மட்டும், ஸ்லாட்டை மாற்றியும் பாருங்கள். எந்த ராம், எந்த ஸ்லாட் என்பது இந்த நான்கு சோதனைகளில் தெரிந்துவிடும். முனைகளை அழிரப்பரால் தேய்ப்பது நம் சர்வீஸ் கடைகளின் பழைய வைத்தியம். வெள்ளை நிற மென் ரப்பரானால் பலிக்கும், பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் தங்கப் பூச்சையே சுரண்டிவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணி இரண்டையும்விட மேல்.

கேள்வி: பழைய ஹார்டு டிஸ்க்கிலுள்ள விண்டோஸை எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுப்பதா, புதிதாக நிறுவுவதா?

புதிதாக நிறுவுவதே என் பரிந்துரை. ஏழெட்டு ஆண்டுக் குப்பையையும் சேர்த்துக் குடிபெயர்ப்பதில் பயன் இல்லை. டிஸ்க்கையும் ராமையும் மாற்றுவதால் விண்டோஸ் 10இன் உரிமம் பொதுவாகப் போகாது. மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல். மீண்டும் நிறுவ முடியாத கணக்குப்பதிவு மென்பொருள் போன்றவை இருந்தால் மட்டும் அப்படியே நகலெடுங்கள், அதாவது குளோன் செய்யுங்கள். 500 ஜிபி டிஸ்க்கில் நிரம்பியிருக்கும் அளவு எஸ்எஸ்டியின் கொள்ளளவுக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த வழியில் போனாலும் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. முதலாவது, புதிதாக நிறுவும்போது பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இரண்டும் இணைந்திருந்தால், விண்டோஸ் தான் எழுவதற்கான சிறு பகுதியைப் பழைய டிஸ்க்கிலேயே வைத்துவிடக்கூடும். நான் முதல் முறை செய்தபோது அப்படித்தான் நடந்தது. மூன்று மாதம் நன்றாக ஓடிய கணினி, பழைய டிஸ்க்கைக் கழற்றிய அன்று எழ மறுத்தது, எஸ்எஸ்டிதான் செத்துவிட்டது என்று அரை நாள் அதையே திட்டிக்கொண்டிருந்தேன். குளோன் செய்தவர்களும் முதல் தடவை எஸ்எஸ்டியை மட்டும் வைத்தே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பயாஸில் சாட்டா முறை பழைய வகையான ஐடிஇ என்று இருந்தால், எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஎச்சிஐ என்று மாற்றிவிட்டு அதன் பிறகு நிறுவுங்கள். எச்61 பலகைகள் பலவற்றில் அது ஐடிஇயாகவே விடப்பட்டிருக்கும். விண்டோஸ் நிறுவிய பிறகு மாற்றினால் நீலத் திரை வரும். குளோன் செய்தவர்கள் விண்டோஸ் 10ஐ முதலில் சேஃப் மோடில் (அடிப்படை நிரல்கள் மட்டும் ஓடும் முறை) எழும்படி அமைத்து, பயாஸில் மாற்றி, ஒரு முறை சேஃப் மோடில் எழுப்பிய பிறகு வழக்கமான முறைக்குத் திரும்பினால் சரியாகிவிடும்.

கேள்வி: புது டிரைவ் பயாஸில் தெரிகிறது, ஆனால் மை கம்ப்யூட்டரில் இல்லையே?

புது டிரைவ் வெற்று மனை போன்றது, பிரித்து எல்லை போட்ட பிறகுதான் விண்டோஸ் அதற்கு எழுத்துக் கொடுக்கும். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, இனிஷியலைஸ் செய்து, புது வால்யூம் உருவாக்குங்கள். டிரைவின் பிரிவுகளைக் குறித்துவைக்க எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு வழிகளைக் காட்டிக் கேட்கும். 2 டிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஜிபிடி கட்டாயம். எதை ஃபார்மட் செய்கிறோம் என்பதைக் கொள்ளளவைப் பார்த்து இருமுறை உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 107.37 கோடி பைட்டாகக் கணக்கிடுகிறது. ஆனால் சில நூறு ரூபாய்க்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று விற்கப்படுவது ஏமாற்றுதான். உள்ளே இருப்பது சிறிய மெமரி கார்டாக இருக்கும், நிரம்பியதும் புதிய கோப்பு பழையதன் மேலேயே எழுதப்படும்.

கேள்வி: எஸ்எஸ்டி சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே?

சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி டிரைவுக்கு 300 டிபி எழுதும்வரை உத்தரவாதம் உண்டு. நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும், அது வீட்டுக் கணினிக்கு மிகையான கணக்கு, அந்த அளவைத் தொட நாற்பது ஆண்டு ஆகும். உத்தரவாதக் காலமான ஐந்து ஆண்டுகளோ அதற்கு வெகு முன்னதாகவே முடிந்துவிடும். தேய்மானத்தைவிட, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் மொத்தமாக நின்றுவிடுவதே எஸ்எஸ்டியின் குணக்கேடு. ஹார்டு டிஸ்க் சாவதற்கு முன் பெரும்பாலும் கரகரவென்று ஒலித்து எச்சரிக்கும், இது எச்சரிக்காது. சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் வழக்கத்தை இதில் விட்டுவிடுங்கள். அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்கு அறிவிக்கும் டிரிம் என்ற பராமரிப்பை விண்டோஸ் 7 முதல் விண்டோஸே பார்த்துக்கொள்கிறது.

கேள்வி: இவற்றைப் பொருத்திவிட்டால் விண்டோஸ் 11 போடலாமா?

முறைப்படி முடியாது. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும் மட்டுமன்று. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் ஆனால் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். எச்61, எச்81 பலகைகளில் ஓடுபவை இரண்டு முதல் நான்காம் தலைமுறை வரையானவை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பதிவுசெய்தவர்களுக்கான கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மைக்ரோசாஃப்ட் முதலில் அறிவித்த கெடு 2026 அக்டோபர் 13. அதன் பிறகும் இந்தக் கணினியை இணையத்தில் வைத்திருக்க விரும்பினால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றுக்கு மாறுவதுதான் வழி. 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் உள்ள எச்61 கணினியில் அது தாராளமாக ஓடும்.

கேள்வி: பழைய ஹார்டு டிஸ்க்கையும் டிவிடி டிரைவையும் என்ன செய்வது?

ஹார்டு டிஸ்க்கைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலில் பாருங்கள். ரீஅலொகேட்டட், பெண்டிங் செக்டார் எண்ணிக்கைகள் (பழுதான பகுதிகள், பழுதென்று சந்தேகிக்கப்படும் பகுதிகள்) சுழியாக இருந்தால், புகைப்படங்களின் இரண்டாம் நகலை வைக்க அது இன்னும் உதவும். ஒரே நகலை அதில் வைக்காதீர்கள். எண்கள் ஏறிக்கொண்டிருந்தால் தரவை எடுத்துவிட்டு ஓய்வு கொடுங்கள்.

டிவிடி டிரைவ் ஒரு சாட்டா இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், இடம் போதாதபோது முதலில் கழற்ற வேண்டியது அதையே. கழற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது. வீட்டு அலமாரியில் திருமணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு வீடியோக்கள் டிவிடிகளாக இருக்கும். வீட்டில் பதிவுசெய்யும் டிவிடி தரவைச் சாயப்படலத்தில்தான் வைத்திருக்கிறது, அந்தச் சாயம் வெப்பத்திலும் ஒளியிலும் மங்கும். ஒரு வட்டுக்கு 4.7 ஜிபிதான், இருபது வட்டு சேர்ந்தாலும் 100 ஜிபிக்குள் அடங்கிவிடும். டிரைவ் இன்னும் படிக்கும்போதே அவற்றை ஒவ்வொன்றாக ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ஏதாவது ஒரு வட்டு பாதியில் திணறினால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் மென்துணியால் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது.